உப்பிலிட்டதும் என் கடவாய்ப் பல்லும்

முத்து, கயல், ரெண்டு பேரும் கேளுங்கள். கோம்பை அத்தை வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாம், "யாருப்பா இது, வாயில எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு?" என்று கேட்கிறார்களே, அது எலுமிச்சம்பழம் இல்லை. உங்கள் அப்பாவின் கன்னம். உங்கள் அம்மா அந்தக் கதையைப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதிப் பாதி இன்னும் மோசம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு வாய்த்த ஒரே தாய்மாமன் நான். அந்த நேரம் பார்த்து என் கடவாய்ப் பல்லில் வலி கிளம்பிவிட்டது. கன்னம் பணியாரமாக உப்ப, கம்பத்துப் பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்தார் (ஜீப் டயருக்கு நான் அடிப்பேனே, அதே மாதிரிதான்). உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டுப் பல்லைப் பிடுங்க மாட்டேண்ணே. வீக்கத்துக்கு மாத்திரை தாரேன். மாடியில டாக்டரம்மா இருக்காக. அவுக சரின்னு சொன்னதும் வாங்க."

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "மாத்திரையை விடாம போடுங்க. உப்பைக் குறைங்க. நெல்லிக்காய், கருப்புத் திராட்சை, பீட்ரூட் எல்லாம் சேர்த்துக்கங்க. ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைய இருக்கு, ரத்தக் குழாய்க்கு நல்லது."

அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பத்தாவதோடு படிப்பை முடித்தவன் வாயில் இப்படி ஒரு சொல் நுழைந்தால் சும்மா இருக்குமா? ஜீப்பில் ஏறிய ஏலத்தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன். "வண்டிக்கு அடியில துருப்பிடிக்காம பெயின்ட் அடிக்கோம்ல? அதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட்!"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பு டப்பாவைப் பரணில் ஏற்றினேன்.

"ஏங்க, பிள்ளைக சாப்பிட வேணாமா?" என்றாள் அம்மா.

"எம்மருமக காது முக்கியமா, உப்பு முக்கியமா?" என்றேன். முத்து, நீ சாம்பாரைப் பார்த்து அழுதாய். கயல், நீ பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு வந்து "பசிக்கலப்பா" என்று கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்னாய். எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பச்சை நெல்லிக்காயைக் கடித்தால் உச்சந்தலை வரைக்கும் மணி அடித்தது. அப்போதுதான் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஆளேற்றிப் போன இடத்தில், வழியோரக் கடையைப் பார்த்தேன். 'உப்பிலிட்டது' என்று போர்டு. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் நெல்லிக்காய், ஒன்றில் திராட்சை, ஒன்றில் பீட்ரூட். டாக்டரம்மா சொன்ன அத்தனையும் ஊறி ஊறி மெத்தென்று, பல்லில்லாதவனும் தின்னும் பதத்தில் எனக்காகவே காத்திருந்தன!

"சேட்டா, இதுல சத்து இருக்குமா?"

"நல்ல சத்தாணு! ஒக்கெ வெள்ளத்தில் இறங்கியிட்டுண்டு" என்றார் கடைக்காரர். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டதாம். இறங்கிய சத்தை விடலாமா? தண்ணீரையும் பாட்டிலில் வாங்கினேன். தினமும் குடித்தேன். பிரஷர் மாத்திரையை விழுங்கியதும் அதில்தான்.

போர்டிலேயே உப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம் பக்கம் கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் தொட்டுக்கொள்கிற உப்பை யார் உப்பில் சேர்த்தார்கள்? குழம்பில் போட்டால்தானே உப்பு! அப்படித்தான் நினைத்தேன்.

காதுகுத்துக்கு முதல் நாள் அம்மாவோடு டாக்டரம்மா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் காற்றடித்தார். மறுபடி அடித்தார். "முன்னைக்குக் கூடியிருக்கே! உப்பைக் குறைச்சீங்களா?"

"குறைக்கிறதா? வீட்டுல உப்பே இல்ல டாக்டர். எம்பிள்ளைக நாக்கு செத்துக் கெடக்கு" என்றாள் அம்மா.

"நெல்லிக்காய்?"

"தினமும் ஒரு பாட்டில்!" என்றேன் நான்.

"பாட்டிலா?"

பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "தண்ணி... தண்ணி" என்று கையை நீட்டினார். (பதற்றத்தில் நான் அந்தப் பாட்டிலையே நீட்டினேன்.)

அம்மா அதைப் பிடுங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கன எம்பிள்ளைக உப்பில்லாம கெடந்துச்சுக. இங்கன நீங்க கடலைக் குடிச்சிட்டுத் திரிஞ்சீகளா?"

வெளியே காத்திருந்த நோயாளிகள் தங்கள் நோயை மறந்து சிரித்தார்கள்.

பல் வாயிலேயே இருக்க, காதுகுத்துக்குப் போனேன். "ஏண்ணே, வெத்தலையைத் துப்பிட்டு வந்து உட்காரேன்" என்றாள் அத்தை. மருமகள் மடியில் உட்கார்ந்து, ஆசையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஊரே திரும்பும்படி வீறிட்டாள். "இன்னும் நான் பெட்டியையே தொறக்கலையே!" என்று ஆசாரி திகைத்தார். கேமராக்காரர் "அண்ணே, அந்தப் பக்கமாத் திரும்புங்க" என்றார். நான் எந்தப் பக்கம் என்று கேட்கத் திரும்பியபோது எடுத்ததுதான் அந்தப் படம்.

அன்றிலிருந்து நம் சொந்தத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் உப்பு வைக்க வருகிறவரை யாராவது தடுத்து நிறுத்துகிறார்கள். "மச்சானுக்கு வைக்காதீக. அவுக வீட்டுலருந்தே பாட்டில்ல கொண்டாந்திருப்பாக!"

அப்புறம் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டேன். நெல்லிக்காயை அரைத்து மோரில் கலந்து, உப்பில்லாமல் குடித்தேன். பிரஷர் இறங்கியது. டாக்டரம்மா தலையாட்ட, பல் டாக்டர் பிடுங்கி, பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் டியூஷன், அம்மா கடைக்கு. உங்கள் பால் பல் விழுந்தபோதெல்லாம் செய்தது போல, கொஞ்சம் சாணி எடுத்துப் பல்லைப் பொதிந்தேன். இந்த வயதில் முளைக்காது என்று எனக்குத் தெரியும். தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு ஓட்டின் மேல் எறிந்தேன். அது உருண்டு வந்து காலடியில் விழுந்தது. எடுத்து, இன்னும் கொஞ்சம் ஓங்கி எறிந்தேன்.