கழனியை ருசி பார்த்த நைனா

நிலத்தை அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மனை போட்டு விற்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துவிட்டது. நிலத்தைத் தினமும் நாக்கில் வைத்துப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சுண்ணாம்புக்குளம் பக்கத்து ருசி நைனா. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் போனது பழவேற்காடு உப்பு ஏரியில் பூநாரைகளைப் படம் பிடிக்க. கேமராவும் அதற்கான முக்காலியுமாக ஏரியிலிருந்து ஏறி, குறுக்கு வழி என்று ஒரு வரப்பில் கால் வைத்தேன்.

“சாரே, அங்கியே நில்லு! ஏரிக் காலோட என் கயனில ஏறாத. கயுவு!”

வரப்பின் முனையில் ஒரு நீல டிரம், நிறைய நல்ல தண்ணீர், ஒரு மக்.

“என் கால்ல எவ்ளோ உப்பு இருக்கப் போவுது நைனா?”

“நீ ஒருத்தன். இந்த ஊர்ல எத்தினி காலு கீதுனு யோசிச்சியா?”

கழுவினேன். அவர் பார்வை முக்காலிக்குப் போனது. “அது காலு மூணையும் கயுவு.”

கழுவிக்கொண்டு ஏறினேன். ஏறியவன் பூநாரைகளை மறந்துவிட்டேன். வரப்பைப் பூஜையறை போல மெழுகி வைத்திருந்தார். நண்டு வளை ஒன்று விடாமல் களிமண்ணால் அடைத்திருந்தார். நான் சுற்றாத ஊர் இல்லை. ஒரு வயலுக்கு இவ்வளவு உபசாரம் எங்கும் கண்டதில்லை.

காரணம் இருந்தது. கழனிக்கும் ஏரி ஓடைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மண்கரை. அது கசிந்து உப்புத் தண்ணீர் புகுந்தால் நெல் பதராகிவிடும், மண் தேறவும் வருஷங்கள் ஆகும். அதனால் தினமும் விடிந்ததும் பல் விளக்காமல், டீ குடிக்காமல் கழனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். வானத்தைப் பார்த்து யோசிப்பார். “தித்திப்பு” என்று துப்புவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு நாள் தொடங்கும்.

அவர் மனைவி கன்னியம்மாவுக்கு இதில் தீராத கோபம். “கல்யாணம் ஆன நாள்லேந்து என் கொயம்புல உப்பு கீதா இல்லியானு ஒரு வார்த்த சொன்னது இல்ல சார். சேத்துத் தண்ணிக்கு மட்டும் நாக்கு நீளுது!”

அந்த வயலுக்காகவே நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். கார்த்திகையில் கதிர் பால் பிடித்திருந்த சமயம், ஒரு காலை நான் போய் இறங்கும்போதே நைனா கரைமேல் நின்று அலறிக்கொண்டிருந்தார்.

“உப்பு! உப்பு ஏறிடுச்சி! கர எங்கியோ பூட்ச்சி!”

காற்று சரியில்லாமல் படகுகள் கரையில் கிடந்ததால் மீனவர் குப்பமே ஓடி வந்தது. பழைய வலைகளில் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். முன்னால் வந்த ஏழுமலையை நைனா கை நீட்டித் தடுத்தார்.

“காலு கயுவிட்டு ஏறு.”

“யோவ் நைனா, கர ஒடையுதுன்னு கத்திக்கினு, இப்ப லைன்ல நிக்க வெக்கிறியா?”

நின்றார்கள். அத்தனை பேரும் கழுவிக்கொண்டுதான் ஏறினார்கள்.

கரை நெடுக வலை மூட்டைகளை அடுக்கினோம். எனக்கு இடுப்பு கழன்றது. ஆனால் உடைப்பு மட்டும் அகப்படவில்லை. கடைசியில் ஏழுமலை குனிந்து கழனித் தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தார்.

“தித்திப்பாதான கீது?”

ஆளுக்கு ஒரு விரல் வைத்தோம். தித்திப்புதான். அந்த நேரம் பார்த்து கன்னியம்மா வந்து சேர்ந்தார்.

“சட்டில வெச்சிருந்த வாள கருவாடு எங்கய்யா?”

நைனா ஏரியைப் பார்த்தார். பசி தாங்காமல் அன்று முதல் தடவையாக, ருசி பார்ப்பதற்கு முன்பே கருவாட்டில் கை வைத்திருக்கிறார். குப்பம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “அறுப்பு முடியிற வரிக்கும் கருவாடு தொட மாட்டேன்” என்று கழனியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். பழவேற்காட்டுப் பக்கம் ஒருவர் கருவாட்டை விடுவது துறவறம்தான்.

அந்த வாரமே புயல் காற்று கடலை ஏரிக்குள் தள்ளியது. ஓடை பொங்கிப் பழைய கரையின் தலைக்கு மேல் வந்தது. வலை மூட்டைகள் அதைத் தடுத்து நின்றன. கதிர் தப்பியது. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் நைனா, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

தை மாதம், அறுப்பு முடிந்த மறுநாள் எனக்கும் குப்பத்துக்கும் விருந்து. புது அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. நைனா முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

“கன்னிமா, உப்பு கொஞ்சம் கம்மி.”

கரண்டியோடு அப்படியே நின்றார் கன்னியம்மா. “கேட்டீங்களா சார்?” என்று சிரித்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்க உள்ளே போனார்.

எனக்குக் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அந்த மனுஷன் மேல் இருந்த பிரியத்தில் நானும் கம்மி என்றே சொன்னேன்.