நாலு விரற்கடை வளர்ந்தவர்

எவாரிஸ்தோ வளரவில்லை. நடந்த கோளாறு இவ்வளவுதான். அறுபத்திரண்டு வயதில் யாரும் வளர மாட்டார்கள் என்பது அவரைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் கொஞ்ச நாள் தெருவும் அதை மறந்துவிட்டது.

ஆள் குட்டை. பிலிப்பைன்ஸின் இலோகோஸ் கடற்கரையில் அது அதிசயமில்லை. ஆனால் அங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு கூடைப்பந்து வளையம் தொங்கும். அந்த வளையங்களுக்குக் கீழே, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தே எவாரிஸ்தோவின் இளமை கழிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது சப்பரம்.

மே மாதத் திருவிழாவில் உழவர்களின் புனிதர் சான் இசிட்ரோ சப்பரத்தில் ஊர் சுற்றுவார். தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுத் தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புனிதர் சாய்வார். அதற்காகக் கோயில் மணிக்கூண்டு வாசல் நிலையில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தோள் கோட்டைத் தொட்டால் தூக்கலாம். எவாரிஸ்தோவின் தோள் மூன்று விரற்கடை கீழே நின்றது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே நின்றது. அவரும் விடாமல் போய் நிற்பார். சப்பரக் குழுவின் தலைவன் கொர்னேலியோ, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், ஆறடி. குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போம், மனோங்" என்பான். வயதில் மூத்தவர் என்கிற மரியாதைக்கு மனோங். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தபால் ஆபீஸில் ஓய்வு கொடுத்தார்கள். மறுநாளே மனைவி பசீலியா ஒரு பட்டியல் கொடுத்தாள். கோழிக்குத் தீனி, கிணற்றடி, பாத்திரம், துணி. அதே வாரம் ஒசாகாவில் வேலை செய்யும் மகளிடமிருந்து ஒரு யோயோ வந்தது. அலுமினியம், உள்ளே பேரிங். எவாரிஸ்தோ பட்டியலை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். தனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார்.

யோயோ நம்முடைய சொத்து, நம் முன்னோர்கள் மரத்தின்மேல் உட்கார்ந்து கல்லை நூலில் கட்டி வேட்டையாடியவர்கள், அந்தக் கலையை மீட்கப் போகிறேன் என்று அறிவித்தார். பசீலியா பினக்பெட் காய்கறிக் குழம்புக்குப் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டிக்குள்ள படம் போட்ட காகிதம் இருக்கு. எப்படிச் சுத்தறதுன்னு."

"ரத்தத்துல இருக்கறதுக்குக் காகிதம் எதுக்கு?"

ரத்தத்தில் பாதிதான் இருந்தது. யோயோ கீழே போயிற்று, திரும்பி வரவில்லை. இந்தப் புது வகை கீழேயே நின்று சுழலும். இழுத்தால் ஏறாது. நூலை மடித்து இடுக்குக்குள் ஊட்டினால்தான் கவ்விக்கொண்டு ஏறும். காகிதத்தில் நாலாவது படம் அதுதான். எவாரிஸ்தோ குனிந்து எடுத்தார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் கையால் சுற்றினார், மறுபடி போட்டார். ஒரு மாதம் இப்படியே போயிற்று. கீழே போடுவதில் நல்ல தேர்ச்சி.

வேட்டைக்காரர்களும் கல்லைக் கீழேதான் போட்டிருப்பார்கள், மேலே வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றாள் பசீலியா. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பராமரிப்பு முழுக்க அவள் தலையில். கலைஞன் துடைக்க மாட்டான் என்பது அவர் கட்சி. பொருளோ சின்னது, ஊழியம் பெரியது. நூல் நாலு நாளில் நைந்து அழுக்கேறும், மாற்ற வேண்டும். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து எண்ணெய் விட வேண்டும். அவர் ஒரு கரண்டி விடச் சொன்னார். அவள் படத்தைப் பார்த்து ஒரு சொட்டு விட்டாள். நூலுக்கும் ஒரு அளவு உண்டு. யோயோ தரையில் உட்கார, நுனி தொப்புளில் நிற்க வேண்டும். முதல் நூலை அவரை நிற்கவைத்து அளந்து வெட்டினாள். பிறகு நூல் மாற்றுவதெல்லாம் மதியத்தில்தான். மதியத்தில் கலைஞர் தூங்குவார்.

தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் தூங்கி எழுந்து யோயோவைத் தொங்கவிட்டார். நுனி தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. கொஞ்ச நேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பசீலியாவுக்கு வெட்டில் தப்பு வராது, நாற்பது வருஷமாகத் தைக்கிறவள். நூல் சரியென்றால் தொப்புள்தான் மேலே போயிருக்க வேண்டும்.

"நான் வளந்துட்டேன்."

பசீலியா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு?"

"நாலு விரற்கடை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் தெருவில் இருந்தார்.

தெரு முதலில் சிரித்தது. அவர் நூலைக் காட்டினார். நூலுக்கு முன்னால் என்ன பேசுவது? யோயோ சுற்றினால் முதுகெலும்பு இழுபட்டு ஆள் நீளும் என்று விளக்கமும் கொடுத்தார். கூடைப்பந்து பைத்தியம் பிடித்த ஊரில் இதைவிட என்ன வேண்டும்? அடுத்த வாரத்தில் எதிர்வரிசையில் ஆறு பேர் வாசலில் நின்று யோயோவைக் கீழே போட்டுக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தனக்குக் கூரை தட்டுவதாகச் சொன்னார். அவர் வீட்டில் கூரை இறங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

கால்சட்டையின் மடிப்பை இறக்கிக் கொடு என்று கேட்டார் எவாரிஸ்தோ. முதலில் டேப்பை வைத்து அளந்து பார்க்கலாமா என்றாள் பசீலியா. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் ஒருநாளாவது இந்த வீட்டில் தன்னை அண்ணாந்து பார்த்தது உண்டா என்று கேட்டார். அவள் டேப்பைச் சுருட்டினாள். அவர் விடவில்லை.

"இந்த வருஷம் என் தோளு கோட்டைத் தொடலேன்னா, அடுத்த திருவிழா வரைக்கும் உன் பட்டியல் பூரா நான்தான் செய்வேன். போதுமா?"

"கோழியும் சேத்தா?"

"கோழியும் சேத்துதான்."

அதன்பிறகு அவள் டேப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. கால்சட்டையை நாலு விரற்கடை இறக்கிக் கொடுத்தாள். அது தரையைப் பெருக்கியது. துணி நெகிழ்ந்துவிட்டது என்றார் அவர். இருக்கும் என்றாள்.

அளக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வருஷம் கொர்னேலியோவுக்கும் நெருக்கடி. தூக்குகிற எட்டுப் பேரில் ஒருவன் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் புனிதர் கோயிலுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். பூசை முடிந்ததும் எவாரிஸ்தோ வாசல் நிலையில் முதுகை ஒட்டி நின்றார். தெரு முழுக்கப் பின்னால் நின்றது. கொர்னேலியோ குனிந்து பார்த்தான். இன்னும் குனிந்தான்.

"மூணு விரற்கடை கீழ, மனோங்."

"கோட்டை மறுபடி அடிச்சிருக்கீங்க. மேல ஏத்தி."

"கோடு ஏறாது."

எவாரிஸ்தோ பையிலிருந்து யோயோவை எடுத்துத் தரையில் வைத்து நூலை விறைப்பாகப் பிடித்தார். தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே. ஆறு பேரும் தலையாட்டினார்கள். கொர்னேலியோ குழம்பிப்போனான். கோட்டை நம்புவதா, நூலை நம்புவதா?

பசீலியா முன்னால் வந்தாள். யோயோவை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்று நூலைப் பிடித்தாள். நுனி அவள் தொப்புளில் கச்சிதமாக நின்றது.

ஆறு பேரும் தங்கள் யோயோக்களைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"என் நூலை உன் அளவுக்கா வெட்டின?"

"பாத்துக்கோன்னு சொன்னீங்க. சுத்திப் பாக்காம, சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? நீங்க தூங்கினீங்க. என் கைக்கு ஏத்த மாதிரி வெட்டினேன்."

சொல்லிக்கொண்டே விரலில் மாட்டி வீசினாள். யோயோ கீழே போய் நின்று சுழன்றது. இரு கையாலும் நூலை விரித்துத் தொட்டில் கட்டி, அதற்குள் யோயோவைப் பிள்ளைபோல் ஆட்டினாள். இறக்கினாள். நூலை மடித்து ஊட்டினாள். அது சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. எவாரிஸ்தோவுக்கு வளராததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. இந்தச் சனியன் திரும்பி வரும் என்பது இன்றுதான் தெரிந்தது.

கொர்னேலியோ கவலையில் இருந்தான். வேறு வழியில்லை, இவரையே வைத்துத் தூக்கிப் பார்ப்போம் என்றான். தூக்கினார்கள். சான் இசிட்ரோ எவாரிஸ்தோ பக்கம் சாய்ந்தார், காதில் ரகசியம் சொல்ல வருபவர்போல. வெள்ளிக் கலப்பை கழன்று விழப் பார்த்தது.

பசீலியா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மெத்தையை எடுத்தாள். தைத்தது. உள்ளே நைந்துபோன யோயோ நூல்களை எல்லாம் திணித்திருந்தாள். கனம் சரியாக மூன்று விரற்கடை. அதை அவர் தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் சொருகினாள். புனிதர் நிமிர்ந்தார்.

விதிப்படி சரியா என்று யாரோ கேட்டார்கள். புனிதர் சாயக் கூடாது, அவ்வளவுதான் விதி என்றான் கொர்னேலியோ.

எவாரிஸ்தோ சப்பரத்துக்குக் கீழேயிருந்து பசீலியாவைக் கேட்டார். "இருபத்திரண்டு வருஷமா இதை நீ சொல்லலியே?"

"வருஷா வருஷம் அடுத்த தடவை வளந்துடுவேன்னீங்க. நடுவுல பேச வேண்டாம்னு இருந்தேன்."

"எப்படியோ, கோட்டைத் தொட்டாச்சு. உன் பட்டியலும் போச்சு."

"தொட்டது மெத்தை. பந்தயம் தோளுக்கு."

ஆக, திருவிழாவன்று காலையில் கோழிக்குத் தீனி வைத்து, கிணற்றடி கழுவி, பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் எவாரிஸ்தோ சப்பரம் தூக்கப் போனார். போகிற வழியில் சதுக்கத்தில் ஒரே கூட்டம். நடுவில் பசீலியா யோயோ சுற்றிக்கொண்டிருந்தாள். நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. நின்றிருந்தாலும் தலைகள் மறைத்திருக்கும்.

ஊர்வலம் முடிந்து பாதிரியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். சப்பரம் ஒரு இடத்தில்கூடச் சாயவில்லை, இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டார். எவாரிஸ்தோ மெத்தையைக் கழற்றிப் பைக்குள் மறைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார்.

அவர் தலைக்கு மேலாக மற்ற ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், பசீலியா.