செம்பாயியின் கிணறும் நீராக்கும் பொறியும்

சித்திரைத் திங்கள் மூன்றாம் நாள், ஆரவாரபுரியில் செம்பாயியின் கிணற்றை அரசாங்கம் மண்ணிட்டு மூடியது. ஐம்பது ஆண்டுகளாக வற்றாத கிணறு, எக்குற்றமும் செய்யாதது.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் காட்டப்படும் பொருளுக்கு மக்கள் கை தட்டிவிட்டால், அது சோதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதன்பின் ஆராய்வது அரச நிந்தனை. கூடாரமடித்து வித்தை காட்டித் திரிந்த ஜாலமணி இதனை நன்கறிந்தவர். பங்குனிக் கடைசியில், காற்றிலிருந்து நீராக்கும் பொறி என்று ஒரு பித்தளைப் பெட்டியை மேடையேற்றினார். குழாயில் நீர் பீறிட்டது. கூட்டம் தட்டியது, கத்தரி பயிரிடும் செம்பாயியும் தட்டினாள். அன்றே நாட்டின் நீருரிமை முழுவதையும் அரசர் ஜாலமணிக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்நீரில் ஒரு குவளை வாங்கிக் குடித்த செம்பாயி திடுக்கிட்டாள். அந்த இலேசான உவர்ப்பை அவள் நாக்கு அறியும். மேடையின் பின்புறத்துக் குழாயைத் தொடர்ந்து நடந்தாள். அது அவள் கிணற்றில் போய் முடிந்தது.

நீர்வள அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, அது எங்கெணத்துத் தண்ணிங்க. கொழாயப் போட்டு உறிஞ்சி வித்த காட்டுறான் அந்தாளு. வந்து பாருங்க."

"நீ கை தட்டினாயா, இல்லையா?"

"தெரியாமத் தட்டிட்டேனுங்க."

"தட்டியபின் தெரிந்துகொள்வது சட்டவிரோதம்" என்றார் அமைச்சர். "பொறி இருக்கையில் கிணறுகள் எதற்கு? அவை பொறியை அவமதிக்கின்றன. அனைத்தையும் தூர்த்துவிடுக!"

"தூத்துட்டா ஒங்க பொறியும் காஞ்சிருமே, சாமி!"

அமைச்சர் எழுத்தரைப் பார்த்தார். "அம்மையார் நகைச்சுவை நன்று. பதிவு செய்க."

கிணறு மூடப்பட்ட மறுநாளே பொறி நின்றது. மக்களின் கைதட்டல் தளர்ந்ததே காரணமென அரசாணை வந்தது. நாள்தோறும் மும்முறை வெயிலில் நின்று தட்டவேண்டுமாம். கத்தரிச் செடிகள் கருகின. அடுத்த வீட்டு மாரப்பன் தட்டியபடியே சுருண்டு விழுந்தான், பிறகு எழவேயில்லை. நாட்டின் உயரிய விருதை வாங்கிக்கொண்டு, ஜாலமணி பெட்டியுடன் அண்டை நாட்டுக்குப் புறப்பட்டார்.

செம்பாயி மண்வெட்டியை எடுத்தாள். ஆறு நாள் தனியே தோண்டினாள். ஏழாம் நாள், அடிமண்ணில் ஈரம் கண்ட வேளையில், காவலர் வந்து அவளை இழுத்துச் சென்றனர். வேலிக்கு அப்பால் முந்நூறு பேர் நின்றிருந்தனர். அது தட்டும் நேரமாதலால் ஒருவர் கையும் ஓயவில்லை.

வாசகரே, இன்னும் அரையாள் ஆழமே மீதம். மண்வெட்டி அங்கேதான் கிடக்கிறது. தட்டுவதை நிறுத்திவிட்டு அதை எடும்.