ஆபரேஷனுக்கு நல்ல நாள்

தலைப்பிரசவம் பெண் வீட்டு முறை, இரண்டாவது தன் முறை என்று மகாராஜா முடிவு கட்டிவிட்டான். மூத்தவள் நிலா பிறந்தது நாங்குநேரிப் பக்கம், அரசு ஆஸ்பத்திரியில். மாமனார் ஏற்பாடு. மகாராஜாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது குடித்தனம் ஒரகடத்தில். கார்க் கதவு செய்யும் கம்பெனியில், கதவில் கீறல் இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குவது அவன் வேலை. கழுகுக் கண் என்று பெயர் வாங்கியவன். வீட்டில் நடப்பது மட்டும் அந்தக் கண்ணில் படாது.

"ஏட்டி, எம் பிள்ளை பிரைவேட்லதான் பொறக்கும். லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, வாசல்ல மீன்தொட்டி இருக்கு."

"பிள்ளை பெறப்போறது நானா, மீனா?" என்றாள் சுகப்பிரியா.

"ஆபரேஷன்ட்டி. வலியே கெடையாது. நாம சொல்லுத தேதியில, சொல்லுத நேரத்துல எடுத்துக் குடுத்துருவாங்க. எனக்கும் லீவு போடச் சௌகரியம்."

"நிலா சுகமாத்தான பொறந்தா? இதுக்கும் தலை கீழ திரும்பிட்டு, ஒரு குறையும் இல்லன்னு சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொன்னாவ. எதுக்கு வயித்தக் கிழிக்கணும்?"

"இலவசமா பாக்குதவங்களுக்கு என்னட்டி தெரியும்?"

காரணமே இல்லாமல் கத்திக்குப் படுக்க சுகப்பிரியாவுக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "சரி, நல்ல நேரமாவது பாக்கணும்லா?" என்றாள். கோபால் என்று ஒருவர் போனிலேயே நாள் பார்த்துச் சொல்வாராம் என்று நம்பரும் கொடுத்தாள். மனைவி இத்தனை சீக்கிரம் வழிக்கு வந்தது தன் பேச்சுத் திறமையால்தான் என்று மகாராஜா பூரித்துப்போனான்.

கோபால் வியாழக்கிழமை காலை பத்தேகால் என்று குறித்தார். தட்சணை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். "மகான்ட்டி!" என்றான் மகாராஜா. மீன்தொட்டி போட்டோவோடு கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு போனது.

புதன்கிழமை மகானே கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு சந்திராஷ்டமம். திங்கக்கெழம வச்சிக்கோ."

தேதியை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன்.

"திங்கக்கெழம கரிநாள்பா, பாக்காம உட்டுட்டேன். வர்ற வியாழன், அதே பத்தேகால். இனிமே மாத்தவே மாட்டேன்."

மூன்றாவது லீவு விண்ணப்பத்தைப் பார்த்த சூப்பர்வைசர், "உனுக்கு வரப்போறது கொழந்தையா, லோடு லாரியா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனி லைனில் கதவு பார்த்துக்கொண்டிருக்கும்போது சுகப்பிரியாவின் போன் வந்தது. "வலி வந்துட்டு. நர்ஸம்மாகிட்ட வந்துட்டேன்."

"ஏட்டி, வியாழக்கிழமைலா!"

"அத உள்ள இருக்க பிள்ளைகிட்ட சொல்லுங்க."

அடித்துப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினான். வாசலிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. மகள். தாயும் சுகம், பிள்ளையும் சுகம். மகாராஜாவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பதற்காக, "இங்க ஒரு மீன்தொட்டிகூட இல்லயே" என்றான்.

"இன்னா தம்பி, செக் பண்றதுதானே உன் வேல?" என்றாள் நர்ஸ் செந்தாமரை. "அம்மாவையும் பாரு, கொழந்தையையும் பாரு. எங்கனா ஒரு கீறல் கீதா?"

அந்த நேரம் பிளாஸ்க்கில் கஞ்சியோடு ஒருவர் உள்ளே வந்தார். "எங்க வூட்டுக்காரர்" என்றாள் செந்தாமரை.

"நல்ல நேரத்துல பொறந்துகீது தம்பி" என்றார் அவர்.

அந்தக் குரல்! "நீங்க... கோபால் ஜோசியரா?"

"ஜோசியமா? நான் பஞ்சர் கட வச்சினுகீறேன். இவ சொல்லச் சொன்னா, காலண்டரப் பாத்துப் படிச்சேன்."

மகாராஜா கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். "அப்ப வியாழக்கிழமைக்குப் போட்ட லீவு?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

"அதக் கேன்சல் பண்ணாதீங்க" என்றாள் சுகப்பிரியா. செந்தாமரை ஒரு படிவத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். குடும்பக் கட்டுப்பாடு, ஆண்களுக்கானது.

"ரெண்டு பிள்ளை போதும்லா? பத்தேகாலுக்கு ஒங்களுக்கு ஆபரேஷன். வலியே கெடையாதாம்."