கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்ட சட்டை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை. எதிரில் நிற்பவர் போட்டிருக்கும் சட்டையைத் தொட்டுப் பார்ப்பேன்.

திருப்பூரில் இதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் "வாங்க" என்று கையைப் பிடிக்கிறவர், அடுத்த நொடியே நம் டி-சர்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கி, "நூத்தியெம்பது ஜிஎஸ்எம் வருமுங்களா?" என்பார். துணியின் கனத்தைச் சொல்லும் அளவு அது. இங்கே நலம் விசாரிப்பதில் அதுவும் சேர்த்தி. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன். பனியன் கம்பெனி வைத்தவனில்லை. ஆனால் படிக்கிற காலத்தில் விடுமுறை விட்டால் பெரியப்பாவின் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜையில்தான் கிடப்பேன். அங்கே கிடைத்த விரல் ஞானத்துக்குப் பிற்பாடு வாங்கிய முனைவர் பட்டத்தைவிட மரியாதை அதிகம் (நானே அப்படித்தான் நினைத்தேன்). அந்த விரலை வைத்துத்தான் என் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தேன்.

நித்யா எங்களுக்கு ஒரே பெண். பெங்களூரில் வேலை. கூட வேலை பார்த்த அரவிந்தனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையன் கும்பகோணம், வேறு சாதி. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜாதான் பேசிப் பேசி என்னை வழிக்குக் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கம் பையனின் அப்பா தியாகராஜன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு மகனைத் தனி ஆளாக வளர்த்தவர். மகன் தன்னிடம் எதையும் மறைத்ததில்லை என்பதுதான் அவருடைய பெருமை. கடைசியில், "ஒரு நாள் வர்றேன். ஊரையும் மனுசங்களையும் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். எல்லாம் அந்த ஒரு நாளில் நிற்கிறது என்று நித்யாவுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்து இறங்கியதும் என்னை உட்காரவைத்துப் பேசினாள்.

"அப்பா, நாளைக்கு ஊரைச் சுத்திக் காட்டுங்க, போதும். பாடம் நடத்தாதீங்க."

"சரி கண்ணு."

"சம்பந்தின்னு கூப்பிட்டுறாதீங்க. இன்னும் ஆகலைங்க."

"அது தெரியாதா எனக்கு?"

"சட்டையைத் தொடாதீங்க."

"நான் என்ன சின்னப் பையனா?"

"அதானுங்கப்பா பயமா இருக்குது."

மறுநாள் காலை ரயில் நிலையத்தில் அப்பாவும் மகனும் இறங்கினார்கள். நான் கை கூப்பி, "வாங்க சம்பந்தி" என்றேன். நித்யா என் காலை மிதித்தாள்.

தியாகராஜன் கருநீலத்தில் காலர் வைத்த டி-சர்ட் போட்டிருந்தார். என் கண் போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"பையன் ஆபீஸ் வேலையா ஜெர்மனி போனான் இல்லையா சார், அப்ப எனக்குன்னு வாங்கிட்டு வந்தது. முதல் தடவை வெளிநாடு. நல்ல நாள்ல போட்டுக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றார். சொல்லும்போது காலரை ஒரு தரம் நீவிவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு நல்லா இருக்கு அங்கிள். ஜெர்மன் சட்டைன்னா அது தனிதான்" என்றாள் நித்யா. அரவிந்தன் ரயில் நேரப் பலகையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்று பாதி நாள் அப்படியே நடந்தேன் (பார்த்தவர்கள் ஏதோ கட்சிக்காரர் என்று நினைத்திருப்பார்கள்).

எங்கள் ஊரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே திருதிருவென்று விழிப்பார்கள். நான் விடவில்லை. முதலில் நஞ்சராயன் குளம். தை மாதம், பறவைகள் வந்திருந்தன. கரையோரம் நின்ற ஒரு வெள்ளைப் பறவையைக் காட்டி, அது சைபீரியாவிலிருந்து எத்தனை மலை தாண்டி வருகிறது, ஏன் வருகிறது என்று விரிவாக எடுத்துரைத்தேன். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற ஒருவர், "அது நம்மூர்க் கொக்குங்க" என்றார். தியாகராஜன் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் நித்யா முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக இன்னும் நாலு கொக்கைக்கூட சைபீரியாவுக்கு அனுப்பியிருப்பேன்.

பிறகு அவிநாசி கோயில். அங்கே நெடுநேரம் கண்மூடி நின்றார். மதியம் எங்கள் வீட்டில் சரோஜா வைத்த அரிசிம்பருப்பு சாதத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல், "சித்திரையில நல்ல முகூர்த்தம் இருக்குன்னு சொல்றாங்க" என்றார். சரோஜா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தோடு அவர்களை ரயில் ஏற்றிவிட்டிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது. "பொருட்காட்சி போட்டிருக்கறாங்க. ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிரலாமுங்க" என்றேன். நித்யா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி கார் சாவியை எடுத்தேன். சரோஜாவும் கூடவே கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. வாரம் முழுக்கக் கம்பெனிக்குள் இருந்த ஊர் மொத்தமும் அந்த மைதானத்தில் இருந்தது. ஒரு பக்கம் மதுரைத் தமிழ், ஒரு பக்கம் இந்தி. எண்ணெய்ச் சட்டியில் டெல்லி அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. ராட்டினத்துக்குக் கீழே ஒரு மேடை. அதில் எங்கள் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு போட்டி: கண்ணைக் கட்டிவிடுவார்கள்; கையில் கொடுக்கும் துணியைத் தடவிப் பார்த்து அது என்ன ரகம், என்ன கனம், முதல் தரமா, பழுதென்று கழித்த செகண்ட்ஸா என்று சொல்ல வேண்டும்.

மைக்கோடு நின்றவன் செல்வம், என் பழைய மாணவன். என்னைப் பார்த்துவிட்டான்.

"நம்ம புரொபசர் ஐயா வந்திருக்கறாருங்க. பாடத்துல எங்களையெல்லாம் ஃபெயிலாக்குன மனுசன். இன்னைக்கு அவருக்கு நாம பரீட்சை வைக்கலாமுங்களா?"

கூட்டம் கைதட்டியது. நான் மறுப்பது போல நாலு தடவை தலையாட்டிக்கொண்டே மேடையில் ஏறிவிட்டேன்.

கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். மூன்று துணி கொடுத்தார்கள், மூன்றையும் சரியாகச் சொன்னேன். செல்வம் உற்சாகமாகிவிட்டான். "கடைசிக் கேள்விங்க. கூட்டத்துல இருந்து யாராச்சும் வாங்க. போட்டிருக்கற சட்டையைத் தொட்டுச் சொல்லட்டும். சொன்னா அரை டஜன் பனியன் பரிசு."

"நான் வர்றேன்" என்று ஒரு குரல். தியாகராஜன்.

"வேண்டாம் அங்கிள், ட்ரெயினுக்கு நேரமாச்சு." இது நித்யா.

"இருக்கட்டும்மா. ஜெர்மனி சட்டையை உங்கப்பா கண்டுபிடிக்கிறாரான்னு பார்த்துட்டுப் போவோம்."

யாருடைய சட்டை என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். குரல் தெரிந்தது, சட்டையின் கதை தெரிந்தது. தோள் தையலில் விரல் வைத்ததுமே மீதியும் தெரிந்துவிட்டது. "இது வெளிநாட்டுச் சரக்குங்க, நான் தோத்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் குழந்தை மாதிரி மகிழ்ந்திருப்பார். அந்த நினைப்பும் எனக்கு வந்தது. ஆனால் எதிரே அத்தனை பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

"பிக்கே துணிங்க. இருநூத்தி இருபது ஜிஎஸ்எம்" என்றேன். கைதட்டல்.

"தோள்ல தையல் பிரிச்சு மறுபடி அடிச்சிருக்கறாங்க." கைதட்டல்.

பின்கழுத்தில் விரலை விட்டேன். கம்பெனி லேபிள் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. "செகண்ட்ஸுங்க. லேபிளை வெட்டி உட்ருக்கறாங்க. இது ஜெர்மனியைப் பார்த்ததே இல்லீங்க. நம்ம ஊர்லயே தச்சு, நம்ம ஊர்லயே கழிச்ச பீஸு."

விசில் பறந்தது. நான் கூட்டத்தை நோக்கிக் குனிந்து வணங்கினேன் (வீடியோவில் பார்த்தால் ஜெனரேட்டரை வணங்கிக்கொண்டிருக்கிறேன்).

"நம்ம ஊர்லன்னா, எங்கே சார் கிடைக்கும்?" தியாகராஜனின் குரல் என் காதுக்கு மிக அருகில் கேட்டது. இறங்கிய குரல். கண்ணைக் கட்டியிருந்தால் காதுமா அடைத்துப்போகும்? எனக்கு அடைத்துத்தான் போயிருந்தது.

"காதர்பேட்டைக் கடைவீதிதானுங்க. வேற எங்கீங்க இப்படிக் கிடைக்கும்? இங்க வந்து எடுத்தாத்தான் உண்டு."

அதற்கப்புறம் கைதட்டல் வரவில்லை. கண்கட்டை நானே இழுத்துக் கழற்றினேன். தியாகராஜன் தன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இந்த ஊருக்கு எப்போ வந்தே?"

"போன வருஷம்ப்பா. ஒரே ஒரு நாள். ஜெர்மனில எதுவும் வாங்க முடியல, அதான்."

"யார்கூட?"

செல்வம் மைக்கை அணைக்க மறந்திருந்தான். அந்த "யார்கூட" ராட்டினத்தின் உச்சி வரை போய்க் கேட்டது. அரவிந்தன் நித்யாவைப் பார்த்தான். தியாகராஜன் நித்யா பக்கம் திரும்பினார்.

"காலைல நீயும்தானேம்மா சொன்னே, ஜெர்மன் சட்டைன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நித்யா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

ரயில் நிலையத்துக்குக் காரில் கிளம்பினோம். பரிசுப் பனியன்கள் என் மடியில் இருந்தன. பிளாஸ்டிக் பை ஒவ்வொரு வேகத்தடைக்கும் சரசரத்தது. கார் ஓட்டியது நித்யா. இறங்கும்போது தியாகராஜன் சரோஜாவிடம், "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தது" என்றார். என்னிடம் கை மட்டும் கூப்பினார்.

மூன்றாம் நாள் நான் அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில், "ஆனா துணி நல்ல துணிங்க, சாயம் போகவே போகாது" என்றேன். "சார், நான் இப்ப சட்டையைப் பத்தி யோசிக்கல" என்று வைத்துவிட்டார்.

அப்பாவின் மனசு ஆறட்டும் என்று அரவிந்தன் சொன்னான். சித்திரை போயிற்று, ஆவணி போயிற்று. அவனும் அப்பாவும் முன்போலப் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த தையில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். நித்யாவே எங்களிடம் சொன்னாள், ஏதோ மின்சார வாரிய அறிவிப்பைப் படிப்பது போல. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சரோஜா திட்டினாள், நாள் தவறாமல். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

இதற்குள் அந்த வீடியோ எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனுக்கும் போய்விட்டது. ஜெனரேட்டர் வணக்கத்தோடு வெட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நடந்தது அதில் இல்லை. ஆகவே சொந்தத்தில் பாதிப் பேருக்கு அது வெறும் தமாஷ். இன்றைக்கும் ஏதாவது விசேஷத்தில் யாராவது ரகசியம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால், சரோஜாவின் தம்பி துண்டை உருவிக்கொண்டு வருவான். "மச்சான் கண்ணைத் தொறந்துட்டு இருந்தா ஆபத்தில்லீங்க. கட்டிட்டாத்தான் எல்லாம் தெரியும். யாரும் கட்டிறாதீங்க." எல்லோரும் சிரிப்பார்கள்.

போன பொங்கலுக்கு நித்யா வந்திருந்தாள். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். வழக்கம்போல அந்தக் கதை வந்தது, வழக்கம்போலச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"பெங்களூர்ல யாராச்சும் மனசுக்குப் பிடிச்சவங்க இருக்கறாங்களா கண்ணு?"

நித்யா காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சிரித்தாள். நல்ல சிரிப்புதான்.

"இருந்தா உங்ககிட்டச் சொல்லுவனுங்களாப்பா?"

சரோஜாவின் தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.