கப்பல் ஏற நல்ல மாதம் பார்த்த கதை

தனியாக இருக்கும் ஆண்பிள்ளையிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் பதிலோடு நிறுத்தமாட்டான். கேட்டவர் வீடு போய்ச் சேரும்வரை கூடவே நடந்து வந்து சொல்வான். நான் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பழக்கத்தால், ஒரு கப்பல் நிறைய ஆட்களின் சாபத்தை ஒரே காலையில் வாங்கியவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு சுக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. கிடங்குக்கு மேலேயே அறை. (சட்டை, தலையணை, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் சுக்கு வாசனை. தும்மாமல் நான் ஒரு கனவுகூடக் கண்டதில்லை.) மனைவி பேச்சியம்மாளுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. அதை விட்டுவிட்டு அவள் கொச்சிக்கு வர முடியாது. கிடங்கை விட்டுவிட்டு நான் அங்கே போக முடியாது. மகள் மதுமிதா அம்மாவோடு இருந்தாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். மற்ற நாளெல்லாம் போன்.

"அங்க மழையா?" என்பாள் பேச்சியம்மாள்.

"மழைதான். அங்க?"

"வெயிலு. சாப்டாச்சா?"

"ஆச்சு."

நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஏதோ முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்தவன் மாதிரி. யோசித்துப் பார்த்தால் சொல்ல ஒன்றும் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மதுமிதா போனைப் பிடுங்கிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

"அப்பா, உங்க ஊர்லேருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் போகுதாமே? எங்க டீச்சர் போயிட்டு வந்தாங்க. நாமளும் போவோமா?"

"போவோம்மா. ஆனா அதுக்குன்னு ஒரு சீசன் இருக்கு. அப்பா விசாரிச்சுச் சொல்லுதேன்."

விசாரித்தேன். எதிர் டீக்கடை நசீர் இக்காவிடம் கேட்டேன். கிடங்குக்கு மூட்டை இறக்க வருகிறவர்களிடம் கேட்டேன். கும்பளங்கியிலிருந்து மீன் கொண்டு வருகிறவரை நிறுத்திக் கேட்டேன். ஒருவர் டிசம்பர் என்றார், ஒருவர் பிப்ரவரி என்றார். மீன்காரர் மட்டும், "தீவில் போயிட்டு நிங்ஙள் எந்து செய்யும்?" என்று, அங்கே போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை, என்னையே திருப்பிக் கேட்டார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். மாதத்துக்கு ஒரு பக்கம்: காற்று, அலை, வெயில், பள்ளிக்கூட லீவு.

இரவு போனில் அதை வாசிப்பேன். டிசம்பரில் லீவு போதாது. பிப்ரவரியில் பரீட்சை. ஜூனிலிருந்து மழை, பேச்சுக்கே இடமில்லை. பேச்சியம்மாள் குறுக்குக் கேள்வி கேட்பாள், மதுமிதா நடுவில் புகுந்து கத்துவாள். நாலு நிமிடப் பேச்சு நாற்பது நிமிடம் ஆனது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்: நல்ல மாதம் எதுவென்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முடிவு செய்தால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்ற பயத்தில்தான் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் பொறுத்த பேச்சியம்மாள் ஒருநாள் பொறுமை இழந்தாள். "பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நாளு எடுக்கமாட்டாங்க. மே மாசம் எனக்கும் லீவு, அவளுக்கும் லீவு. மே மாசம் போறோம்."

அனுமதிச் சீட்டு, டிக்கெட் எல்லாம் கூடிவந்தபோது தேதி மே மாதத்தின் பிற்பகுதிக்குப் போய்விட்டது. நசீர் இக்கா சாயாவை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"வேண்டா மோனே. எடவ மாசம் ஆயில்லே? கடல் ஆருகிட்டயும் பறஞ்ஞிட்டு மாறாது." எடவம் பிறந்தால் அங்கே மழைக்காலம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்; கடல் யாரிடமும் சொல்லிக்கொண்டு மாறாதாம்.

"இக்கா, மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. என் நோட்டைப் பாருங்க."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

கப்பலுக்கு முந்தின நாள் காலையில் மூன்று தொப்பி வாங்கினேன். பெரியது எனக்கு, நடுத்தரம் பேச்சியம்மாளுக்கு, மஞ்சள் பூ வைத்தது மதுமிதாவுக்கு. மத்தியானம் போன் வந்தது.

"ஏங்க, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு."

"நான் இப்பவே கிளம்பி வாரேன்."

"நீங்க எதுக்கு? உங்களுக்கு இதுவரைக்கும் போடலைன்னு உங்க அம்மாவே சொல்லியிருக்காங்க. வந்து நீங்களும் படுத்தீங்கன்னா நான் யாரைப் பாக்க? நீங்க கப்பலுக்குப் போங்க. தீவைப் படம் பிடிச்சுட்டு வாங்க. அவ அழுகையை என்னால நிறுத்த முடியலை."

பின்னாலிருந்து மதுமிதாவின் குரல் கேட்டது. "தீவு முழுசா வேணும்னு சொல்லும்மா!"

மறுநாள் தனியாகவே கப்பல் ஏறினேன். நாலு படுக்கை கொண்ட அறையில் எங்களுக்கு மூன்று. நாலாவதற்கு ஆள் வரவில்லை. ஒரு படுக்கையில் நான் உட்கார்ந்தேன், மற்ற மூன்றில் படுக்கைக்கு ஒன்றாகத் தொப்பியை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்காமல் மேல்தளத்துக்கு ஓடிவிட்டேன்.

அங்கே எல்லோரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ நின்றார்கள். திருச்சூரிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், எல்லோரும் மாஷ் என்று கூப்பிட்டார்கள், தன் மனைவி ஆனி டீச்சரிடம் மழையைப் பற்றிக் கவலையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானே போய் நின்றேன்.

"மழையா? இன்னும் பத்து நாள் இருக்கு, சாரே. நான் ரெண்டு வருசமா இதைத்தான் படிக்கேன்."

மாஷ் நிமிர்ந்தார். "வானிலை ஆபீஸிலாணோ ஜோலி?"

இல்லை, சுக்குக் கிடங்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அடக்கமான சிரிப்பைப் போல ஒரு பொய் உலகத்தில் கிடையாது.) பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்க்காரர்களும் நெருங்கி வந்தார்கள். காற்று, அலை, நிலா என்று என் நோட்டு முழுவதையும் ஒப்பித்தேன். அன்றைக்குப் பார்த்துக் கடல் தட்டில் ஊற்றிய பாயசம் மாதிரி அசையாமல் கிடந்தது. சாப்பாட்டு மேசையில், "சீசன் சார், இங்க வாங்க" என்று எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். அத்தனை பேரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நான் சாப்பிட்டுப் பல வருடமாகியிருந்தது. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

காலையில் கண்விழித்தபோது என் செருப்பு தானாக நடந்து கதவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே வயிற்றில் கிடந்த இரண்டு தடவைச் சோறும் நடக்க ஆரம்பித்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே போனேன். வானம் கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. நேற்று பேசிச் சிரித்த கோயம்புத்தூர்க்காரர்கள் தளத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தூரத்தில், மழைத்திரைக்கு அந்தப் பக்கம், பச்சையாக ஒரு கோடு. அதுதான் தீவு. பெரிய கப்பல் கரைக்குப் போகாது, சின்னப் படகுகள் வந்துதான் ஆட்களை இறக்க வேண்டும். இந்தக் கடலில் படகு வராது, யாரும் இறங்க முடியாது, கப்பல் திரும்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

பிறகு மாஷின் குரல் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை நடுங்கவைத்த குரல்.

"பத்து திவசம் உண்டெந்நு பறஞ்ஞ ஆளெவிடே?"

பத்து நாள் இருக்கிறது என்று சொன்ன ஆள் எங்கே! படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தூண் என்னைவிட ஒல்லி.

கப்பல் திரும்ப ஆரம்பித்தது. மதுமிதா ஞாபகம் வந்து, போனை எடுத்து அந்தப் பச்சைக் கோட்டை வீடியோவாகப் படம் பிடித்தேன். ஐந்து விநாடி இருக்கும். அதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுவிட்டு, கம்பியில் தொங்கினேன். பன்னிரண்டு வருடம் இஞ்சியிலும் சுக்கிலும் குளித்தவன் பையில், வாயில் போட ஒரு துண்டு இஞ்சி இல்லை.

யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். ஆனி டீச்சர். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்து, மெதுவாகக் கேட்டார்.

"ஒற்றைக்காணோ?"

தனியாகத்தான் வந்திருக்கிறாயா என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுதுவிட்டேன். சும்மா கண்ணீர் இல்லை. ஏங்கி ஏங்கி, மூக்கு ஒழுகி, எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு. தீவு பார்க்க முடியாத துக்கம் என்று மாஷ் நினைத்திருக்க வேண்டும். "போட்டே, போட்டே. சீசன் ஆரு நிச்சயிக்கான்?" என்று, போகட்டும் விடு என்கிற மாதிரி, அவரும் வந்து தட்டிக்கொடுத்தார்.

கொச்சியில் இறங்கியபோது கொட்டுகிற மழை. அறைக்குப் போய் ஈரத்தோடு உட்கார்ந்து, பிடித்த படத்தை முழுதாகப் பார்க்காமலே ஊருக்கு அனுப்பிவிட்டேன். பாக்கெட்டுக்குள் போன பிறகும் அது பதிவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஐந்து விநாடி தீவு. மூன்று நிமிடம் இருட்டு. அந்த இருட்டுக்குள் என் குடல் வெளியே வருகிற சத்தம், அப்புறம் ஆனி டீச்சரின் அந்த 'ஒற்றைக்காணோ', அப்புறம் எருமை கத்துவது போல ஒன்று.

வேப்பிலைப் படுக்கையில் கிடந்த மதுமிதா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தாளாம், அம்மைக் கொப்புளம் உடைந்துவிடும் என்று அவள் அம்மா திட்டத் திட்ட. அன்று மாலை போனில் கேட்டாள்.

"அப்பா, நடுவுல ஒரு ஆச்சி என்னமோ கேக்காங்களே. ஒட்டகமான்னா கேட்டாங்க?"

நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. ஒட்டகம்தான்."

"கப்பல்ல ஏதுப்பா ஒட்டகம்?"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்க."

மதுமிதா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் இன்னும் கொச்சங்காடியில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நாலு பேர் கூடினால் அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இருட்டு வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். குரல் வந்ததும் கூட்டமாக, "ஒட்டகமா!" என்று கத்துவார்கள். போன மாதம் பஸ் ஏறும்போதுகூட, தென்காசி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்க மதுமிதா கீழே நின்று கத்தினாள்.

"அப்பா, ஒட்டகத்தைக் கேட்டதாச் சொல்லுங்க!"

சொல்கிறேன் என்று ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் திரும்பி மறையும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.