ராசுவை நான் கடத்திய விதம்

என் பெயர் தைரியநாதன். பெயரில் இருந்த தைரியம் ஞானஸ்நானத்தன்றே செலவாகிவிட்டது. இல்லறத்துக்கென்று மிஞ்சிய சில்லறைத் தைரியத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கொள்கையைத்தான் காப்பாற்றி வருகிறேன். என் மனைவி பிரின்சி செய்யச் சொல்வதைச் செய்வதில்லை. செய்யக் கூடாது என்பதைச் செய்யாமல் விடுவதில்லை. ஆவூரில் குடும்பம் நடத்துகிற ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் கிடையாது.

மழைக்காலத்தில் எங்கள் கடலைக் காட்டு வேலியோரம் ஒரு முள்ளெலி கிடந்தது. முன்னங்காலை நாய் கடித்திருந்தது. பிரின்சி அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். கீழே விழுந்தவர் யாராயிருந்தாலும் தூக்கி, பெயர் வைத்து, பாடம் நடத்தாமல் விடமாட்டாள். இதற்கு ராசு என்று பெயர் வைத்தாள். அன்னவாசல் கால்நடை டாக்டர் கொடுத்த மருந்தைத் தடவினாள். என் பங்கு முட்டை ராசுவுக்குப் போனது. என் கட்டிலடியும் போனது.

கால் ஆறிவிட்டது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே பிரின்சி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இப்பவே சொல்லிடறேன். ராசுவுக்கு நல்லாயிருச்சுன்னு அதத் தூக்கிக்கிட்டு புதுக்கோட்டை வனத்துறை ஆபீசுக்குக் கெளம்பிறாதீங்க."

அந்த நிமிடம் வரை வனத்துறை என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை.

"நான் ஏன் தூக்கப்போறேன்?"

"காட்டு உயிர வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் பேசுவீங்க."

"பேசுனா என்ன தப்பு? சட்டம் இருக்குல்ல?"

"இருந்துட்டுப் போகட்டும். ராசு இங்கதான் இருக்கும். அதப் பத்திரமா கொண்டுபோக ஒங்களால முடியவும் முடியாது."

கூடாது என்றதோடு நிறுத்தியிருந்தாலே போதும். முடியாது என்றும் சொல்லிவிட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே முடிவெடுத்தேன். ராசுவைக் கடத்துவது.

ஆனால் எப்படி? யோசித்துக்கொண்டிருந்தபோது பிரின்சி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். திருச்சியில் இருக்கும் தங்கை ஷர்லியோடு பேச்சு. நான் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் காதை நீட்டினேன்.

"பஸ்ல கொண்டுபோறதுன்னா லேசுப்பட்ட வேலையாடி? காத்தோட்டமான மூடி போட்ட கூடை வேணும். உள்ள துணி போடணும். நூல் பிரியிற துணி ஆகாது, கால்ல சுத்திக்கும். புகுந்து படுத்துக்கிற மாதிரி சுருட்டி வைக்கணும். அதுக்கு இருட்டுதான் தெம்பு. வெயிலு ஆகவே ஆகாது. காலையிலயே கெளம்பிரணும். குளுந்த தண்ணி பாட்டில துணியில சுத்தி ஓரமா வைக்கணும், மேல படக்கூடாது. கிண்ணத்துல தண்ணி வச்சா கொட்டிரும். எறங்குனப்புறம் குடுத்தாப் போதும். சும்மா சும்மா தெறந்து பாக்கக் கூடாது. இதெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போவுது?"

எல்லாம் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே பள்ளிக்கூடம் போய்விட்டாள். என் அதிர்ஷ்டம், பரணில் கிடந்த மூடிபோட்ட கூடை கழுவிக் காயவைத்திருந்தது. பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் குளிர்ந்திருந்தது. அவளுடைய பழைய கம்பளிச் சால்வை மடித்து மேலேயே இருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ராசுவைத் தூக்கினேன். அது பந்தாகச் சுருண்டது. என் ஜெராக்ஸ் கடைக்கு அன்று விடுமுறை விட்டேன்.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார்.

"கூடையில யாரு, கோழியா?"

"ராசு."

"ராசுவுக்கு டிக்கெட்டு?"

"மடியிலதான் ஒக்காருவான்."

எப்போது 'அது' 'அவன்' ஆனது என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே வெயில் வந்தது. எழுந்து அங்கிட்டு மாறி உட்கார்ந்தேன். சாலை திரும்பியதும் வெயில் அங்கேயும் வந்தது. என் துண்டை ஜன்னலில் கட்டினேன். பக்கத்தில் இருந்தவர் பாட்டுப் போட்டார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டபோதெல்லாம் கூடையை நெஞ்சோடு அணைத்தேன். பிரின்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில்கூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை என்று தோன்றியது. கொஞ்சம் உறுத்தியது.

கீரனூர் தாண்டியதும் மூடியின் கம்பி இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது. ஈரமான, சின்ன மூக்கு. என் விரலை மோந்து பார்த்தது. சுருளவில்லை. இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். சட்டம் பேசியவன் நான்தான். இறங்கவில்லை.

வனத்துறை அலுவலகத்தில் சிவரஞ்சனி என்று ஓர் அதிகாரி. கூடையைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

"வாங்க சார். ஆவூர் பிரின்சி டீச்சர் வீட்டுக்காரர்தானே?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரமே டீச்சர் போன்ல பேசுனாங்க. வெள்ளிக்கிழம நீங்க கொண்டாருவீங்கன்னு சொன்னாங்க. வழியில எப்படிப் பாத்துக்கணும்னு நான்தான் ஒண்ணொண்ணா சொன்னேன். நீங்க அப்படியே செஞ்சிருக்கீங்க சார்."

வெள்ளிக்கிழமை கொண்டுபோவது என்று நானே வியாழக்கிழமைதான் முடிவு செய்தேன்.

சிவரஞ்சனி ராசுவின் காலைப் பிடித்துப் பார்த்து, தரையில் நடக்கவிட்டு, நன்றாக நடக்கிறான் என்றார். ராசு கிடைத்த கடலைக் காட்டுக்குப் பக்கத்திலேயே, நாய் வராத புதராகப் பார்த்து விட்டுவிடுவதாகச் சொன்னார். காலிக் கூடையோடு வீடு திரும்பினேன். வரும்போது எங்கே உட்கார்ந்தேன், வெயில் எங்கே அடித்தது, எதுவும் நினைவில்லை.

பிரின்சி வாசலிலேயே நின்றாள்.

"பயந்தானா?"

"மொதல்ல சுருண்டுக்கிட்டான். கீரனூர் தாண்டி மூக்க நீட்டுனான்."

சால்வையை எடுத்து உதறாமல் மடித்தாள்.

"நேரா கேட்டிருக்கலாம்ல பிரின்சி?"

"கேட்டா போயிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். போயிருக்க மாட்டேன்.

"என்னால முடியாதுங்க," என்றாள் மெதுவாக. "பாதி வழியிலயே எறங்கித் திரும்பியிருப்பேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். யாரும் சொல்லாமல், யாரும் தடுக்காமல்.

இனி ஏமாறுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன். பரீட்சை முடிந்த வாரம் அவள் சொன்னாள்: "இந்த லீவுக்கு எங்கம்மாவ வரச்சொல்ல வேணாங்க. நீங்களும் போன் கீன் பண்ணிறாதீங்க."

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படியானால் நிஜமாகவே வேண்டாமா? ஒருவருடைய ஆதார் கார்டைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்தேன். கடைசியில், அவள் தந்திரமெல்லாம் போகட்டும், ஒரு தடவையாவது அவள் மனசுக்குப் பிடித்ததை நானாகச் செய்வோம் என்று மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, லீவுக்கு நீங்க கட்டாயம் வரணும்."

"கீரனூர் பஸ் ஸ்டாண்டுலதான் மாப்ள நிக்கிறேன். பெட்டியத் தூக்க நீங்க வருவீங்கன்னு பிரின்சி சொன்னா, இன்னும் காணோமே?"